மிளகின் ஆறாவது குட்டி

அக்கா வீட்டில் என்னைத் தங்கவைத்ததே நாய்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததால்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. கிடங்கு வேலையை விட்டுவிட்டுப் பையோடு வந்து வாசலில் நின்ற அன்று, அக்கா என்னைப் பார்ப்பதற்கு முன்னால் மிளகின் வயிற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

"குட்டி போடுற வரைக்கும் வீட்ல ஒரு ஆள் வேணும்டா. அதுக்கப்புறம் என்னன்னு பாப்போம்" என்றாள்.

அந்த "அதுக்கப்புறம்" காதில் விழுந்தும், விழாத மாதிரி பையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

மிளகு மாமாவின் நாய். மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். நாலு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து கிடந்த கறுப்புக் குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தவர். அக்கா தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். காலை எட்டு மணிக்கு இருவரும் கிளம்பினால் மாலை ஆறு வரை வீட்டில் நானும் நாயும்தான். நாய்க்கு ஒரு குறை வந்தால் அது என் தலையில்தான் விடியும். அதன்பிறகு பையைத் தூக்க வேண்டியதுதான்.

எனக்குப் பகல் பழக்கமில்லை. மூன்று வருடம் கிடங்கில் ராத்திரிக் காவல் வேலை பார்த்த உடம்பு. மத்தியானம் இரண்டு மணிக்குக் கண் தானாகச் சொருகும். ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். அப்போது மிளகும் விழித்திருக்கும். வயிறு பெருத்த பிறகு அதற்கு எந்தப் பக்கம் படுத்தாலும் சரிப்படவில்லை.

சாப்பாட்டை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தேன். வயிற்றில் இடமில்லாததால் ஒரே தடவையில் அதிகம் சாப்பிட முடியவில்லை. வேகவைத்த கோழி, முட்டை, குட்டிகளுக்கென்று விற்கும் தீனி. மாடிப்படி ஏறவிடவில்லை. மாமா பின் அறையில் பலகையால் ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தார். தாய் உருண்டு படுத்தால் குட்டி சுவரோடு நசுங்கிவிடும் என்று உள்பக்கம் சுற்றிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார். கீழே பழைய செய்தித்தாள், அதன்மேல் துவைத்த துணி. மிளகு பெட்டியை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, போய் அக்காவின் அலமாரிக்குள் புகுந்து படுத்துக்கொண்டது.

"என் நல்ல புடவை மேலதான் பிரசவம் பாக்கணுமாம் மகாராணிக்கு" என்று அக்கா கத்தினாள். "உங்க வளர்ப்பு அப்படி!"

"உன்னைப் பாத்துக் கத்துக்கிட்டது" என்றார் மாமா.

அலமாரிக்குள் போகிற வழியைத் துணியால் அடைத்தேன். மூன்று நாள் நான் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் படுத்த பிறகுதான் மிளகு உள்ளே வந்தது.

மிளகு சினையான ஐம்பத்தாறாம் நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டுப் பேனா முனையால் ஒவ்வொரு முதுகெலும்பாகத் தொட்டு எண்ணினார். சின்னச் சின்ன மீன்முள் மாதிரி கிடந்தன. ஆறு.

"ஆறும் வந்தாச்சான்னு எண்ணிக்கோங்க" என்றார். "ஒரு குட்டிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல போனா போன் பண்ணணும். அரை மணி நேரமா முக்கியும் ஒண்ணும் வரலைன்னா யோசிக்கவே கூடாது, தூக்கிட்டு வந்துடணும்." பிறகு கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். நேரம், காய்ச்சல் அளவு, என்ன பார்த்தீர்கள். "காலைலயும் சாயங்காலமும் காய்ச்சல் பாருங்க. தொண்ணூத்தொம்பதுக்குக் கீழ இறங்கினா ஒரு நாளைக்குள்ள வலி வந்துடும். வலி வந்ததும் அரை மணிக்கொரு தடவை எழுதுங்க."

எனக்கு அந்தத் தாள் புதிதில்லை. கிடங்கிலும் இதே மாதிரித் தாள்தான். அரை மணிக்கொரு சுற்று, சுற்றுக்கொரு கையெழுத்து. அங்கே எல்லோரும் பன்னிரண்டு மணிக்கே காலை ஐந்து வரைக்கும் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவோம். சுற்றப் போகாமல் இருப்பதற்காக இல்லை. போவோம். ஆனால் பேனாவை ஒவ்வொரு தடவையும் தேடுவது யார்? ஒருநாள் பதினொரு பெட்டி குறைந்தது. யார் எடுத்திருப்பார்கள் என்று கேட்டார்கள். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டியை ஓட்டுகிற ஃபோர்க்லிஃப்ட்காரனைச் சொன்னேன். அவன் முகம் எனக்குப் பிடிக்காது. அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அடுத்த மாதம் எல்லோரும் என்னையும் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். நானே நின்றுவிட்டேன்.

எக்ஸ்ரே எடுத்த மறுநாளிலிருந்து மாமாவின் போக்கு சரியில்லை. போன் வந்தால் எழுந்து பால்கனிக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவுகிற மாதிரி நின்று கேட்டேன்.

"கறுப்புதான்... பெட்டையான்னு போட்டாத்தான தெரியும்... இல்ல இல்ல, அவனுக்கு இப்பத் தெரிய வேண்டாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் கட்டடத்து லிஃப்டை மாமாதான் பார்க்கிறார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். சும்மா வந்த மனிதர் பின் அறைக்குள் வந்து குனிந்து, மிளகின் காதை மடக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார்.

"தாயே இவ்ளோ லட்சணம்னா குட்டி எப்படி இருக்கும்" என்றார்.

"பல்ல எதுக்கு சார் பாக்கறீங்க?" என்று கேட்டேன். "நாய்க்குக் கண்ணாடி போட்டா காதுலதான மாட்டணும்?"

மாமா சிரிக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு குட்டி சத்தமில்லாமல் கை மாறப்போகிறது. குறைந்தால் பழி யார் மேல் விழும்? பகலெல்லாம் வீட்டில் இருந்தது யார்? அன்று முதல் பின் அறைச் சாவி இரண்டையும் என் பையில் வைத்துக்கொண்டேன்.

அறுபத்திரண்டாம் நாள் மாலை காய்ச்சல் அளவு தொண்ணூற்றெட்டரைக்கு இறங்கியது. மிளகு சாப்பாட்டைத் தொடவில்லை. ராத்திரி முழுக்க செய்தித்தாளைக் கால் நகத்தால் கிழித்துக் குவித்தது. மேல்மூச்சு வாங்கியது. நான் கண்ணை மூடவில்லை. காலையில் அக்கா லீவு கிடைக்காமல் முனகிக்கொண்டே போனாள். மாமா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லி, என்னிடமிருந்து அதில் ஒரு சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்டு வாங்கியதும் எனக்கு உறுத்தியது.

முதல் குட்டி பத்து இருபதுக்கு வந்தது. குட்டியை மூடியிருந்த சவ்வுப் பையைக் கிழிக்க மிளகுக்குத் தெரியவில்லை, திகைத்துப் போய் என்னைப் பார்த்தது. நான் கிழித்து, மூக்கைத் துடைத்து, துண்டால் முதுகைத் தேய்த்தேன். கத்தியது. அதன்பிறகு மிளகுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பதினொன்றுக்கு இரண்டாவது. பதினொன்று முப்பத்தைந்துக்கு மூன்றாவது. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிற நூல் கட்டி, சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்து எழுதினேன். பன்னிரண்டே முக்காலுக்கு நான்காவது. ஒன்று ஐம்பதுக்கு ஐந்தாவது. அது மஞ்சள் நூல், கறுப்புப் பெட்டை.

பிறகு மிளகு பக்கவாட்டில் சாய்ந்து படுத்து பால் கொடுத்தது. அறை முழுவதும் உறிஞ்சும் சத்தம். வெதுவெதுப்பாக இருந்தது. மணி இரண்டு. என் கண் சொருக ஆரம்பித்தது.

தாளில் எழுதினேன்: 2.00, அமைதி, பால் கொடுக்கிறது. பேனா கையில் இருந்தது. கீழே 2.30, 3.00, 3.30 கட்டங்கள் காலியாக இருந்தன. அமைதி, அமைதி, அமைதி என்று எழுதினேன். ஏமாற்றுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கை பழக்கத்தில் எழுதியது. ஐந்து நிமிடம் என்று சுவரில் சாய்ந்தேன்.

கதவுச் சத்தத்தில் விழித்தேன். மணி மூன்றாகி ஐந்து நிமிடம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே படியிறங்கினார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

திரும்பிக் குட்டிகளை எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். நூல்கள் ஐந்து. குட்டிகள் கிடந்த பெட்டியில் செய்தித்தாள் மாறியிருந்தது. நான் போட்ட தாள் கசங்கி ஈரமாகியிருந்தது. இப்போது காய்ந்த புதுத் தாள்.

கணக்கு எனக்குச் சட்டென்று முடிந்துவிட்டது. நான் தூங்கியபோது ஆறாவது வந்திருக்கிறது. மாமா எடுத்திருக்கிறார். தடயம் தெரியாமல் தாளை மாற்றியிருக்கிறார்.

போன் செய்து கேட்டிருக்கலாம். என்னவென்று கேட்பது? நான் தூங்கிய நேரத்தில் குட்டி வந்ததா என்றா? சுவரில் தொங்கிய தாளில் நான் மூன்றரை வரைக்கும் விழித்திருக்கிறேன்.

மிளகு எழுந்து நின்றது. பெட்டியை விட்டு வெளியே வந்து மூலை மூலையாக மோந்தது. கதவைச் சுரண்டியது. திரும்பி வந்து, புதுத் தாளைக் கிழித்து அடியில் தேடியது. கால் நடுங்கியது. முனகியது.

"தேடறியா?" என்றேன். "எனக்குத் தெரியும் எங்க இருக்குன்னு."

கீழே போய்க் குப்பைத் தொட்டியைக் கிளறினேன். அட்டைப்பெட்டி அங்கேதான் கிடந்தது. உள்ளே கசங்கிய செய்தித்தாளும் அழுக்குத் துணியும். அதுவும் மாமாவின் தந்திரமாகத்தான் எனக்குப் பட்டது. பெட்டியைப் போட்டுவிட்டுக் குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போயிருப்பார். மிளகை அப்படித்தானே கொண்டுவந்தார்?

மூன்றே முக்காலுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கண்ணாடிக்கடைக்குப் போனேன். கடையில் ஒரு அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். நான் நேராகக் கல்லாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

"குட்டி எங்க சார்?"

"எந்தக் குட்டி தம்பி?"

"காதை மடக்கிப் பாத்தீங்களே, அதோட குட்டி. பொறந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகல. தாய் அங்க கதவைப் பிராண்டுது."

கண்ணாடிக்கடைக்காரர் கையிலிருந்த லென்ஸை மெதுவாகப் பெட்டியில் வைத்தார். "உங்க மாமா எனக்கு ஒரு குட்டி தர்றேன்னாரு. வாஸ்தவம். உங்க அக்காகிட்ட இன்னும் சொல்லல, அதான் உன்கிட்டயும் சொல்லல. ஆனா ரெண்டு மாசம் கழிச்சுப்பா. கண்ணே தெறக்காத குட்டியை வச்சு நான் என்ன பண்றது? நானே மத்தவங்களுக்குத்தான் கண்ணு தெரிய வைக்கறேன்."

நாற்காலியில் இருந்த அம்மா மூடிய கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"எக்ஸ்ரேல ஆறு இருந்துச்சு. இப்ப அஞ்சுதான் இருக்கு" என்றேன்.

"சரி. அந்த ஆறாவது வெளிய வந்ததை நீ பாத்தியா?"

நான் சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்தேன்.

"நீதான கூடவே இருந்தே?" என்றார். "வெளிய வந்ததையே பாக்கல. காணாமப் போச்சுன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

படிக்கத் தெரியாதவனிடம் எழுத்தைக் காட்டுகிற மாதிரி பொறுமையாகத்தான் கேட்டார். மிளகு கதவைச் சுரண்டியதும் கால் நடுங்கியதும் அப்போதுதான் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. திரும்பி ஓடினேன்.

மிளகு பெட்டிக்கு வெளியே தரையில் கிடந்தது. நான் கூப்பிட்டதற்கு வால் ஆடவில்லை. வயிற்றில் ஒரு அலை எழுந்தது, பாதியில் அடங்கியது. ஐந்து குட்டிகளும் உள்ளே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. ஈறைத் தொட்டுப் பார்த்தேன். வெளுத்திருந்தது.

மாமாவுக்கு போன் போட்டேன். "உள்ள ஒண்ணு மாட்டிக்கிச்சு மாமா" என்றேன். பத்து நிமிடத்தில் கம்பெனி வேன் வாசலில் நின்றது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு கூடையில் வைத்து, அதன் பக்கத்தில் குட்டிகளை அடுக்கினேன். மிளகை மாமா தூக்கினார். தாளையும் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே விரலால் பார்த்தார். "குறுக்க கிடக்கு" என்றார். பிறகு தாளை வாங்கிப் படித்தார். நெற்றி சுருங்கியது.

"மூணரை வரைக்கும் அமைதின்னு இருக்கே? முக்கவே இல்லையா? அப்படின்னா கர்ப்பப்பை இப்பத்தான் சோர்ந்திருக்கணும். ஊசி போட்டுப் பாக்க நேரம் இருக்கு. ரொம்ப நேரமா முக்கிட்டு இருந்திருந்தா ஊசி போடக் கூடாது, கர்ப்பப்பை கிழிஞ்சிடும். நேரா ஆபரேஷன்தான். எழுதினது யாரு?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மின்விசிறி ரெகுலேட்டரை ஏதோ பழுது கண்டுபிடித்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும் என்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லப்போவதில்லை என்பதும். ஏன் சொல்லாமல் நிற்கிறார்? என்னைக் காப்பாற்றவா, அல்லது நானே வாயால் சொல்லி மாட்டிக்கொள்ளட்டும் என்றா? மேஜைமேல் மிளகின் விலா எலும்பு ஏறி இறங்கியது. அதற்கு இது எதுவும் தேவையில்லை.

"அது பொய் டாக்டர்" என்றேன். "ரெண்டு மணி வரைக்கும்தான் நான் பாத்தேன். மீதியை முன்னாடியே எழுதிட்டுத் தூங்கிட்டேன். எழுந்தப்ப நடுங்கிட்டு இருந்துச்சு, கீழ போட்ட பேப்பரைக் கிழிச்சுட்டு இருந்துச்சு. வேற எதையோ நினைச்சு விட்டுட்டேன்."

"நான் ரெண்டு அம்பதுக்கு வந்தேன்" என்றார் மாமா உடனே. நான் முடிப்பதற்காகவே காத்திருந்த மாதிரி. "அப்பவே முக்கிட்டு இருந்துச்சு. நல்லாவே முக்குச்சு."

டாக்டரம்மா தாளை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்தோம். கூடை எங்கள் நடுவில் இருந்தது. மாமா மஞ்சள் நூல் குட்டியை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டார்.

"வந்தப்ப நீ வாயைத் தெறந்துட்டுத் தூங்கறே" என்றார். "சுவத்துல பாத்தா மூணரை வரைக்கும் எழுதி முடிச்சிருக்கே. மணி மூணே ஆகல. வரப்போறதையெல்லாம் முன்னாடியே பாத்துச் சொல்ற ஆளு நம்ம வீட்லயே இருக்கான்னு நினைச்சேன் மாப்ள."

"எழுப்பியிருக்கலாமே மாமா."

"அமைதின்னு எழுதியிருந்துச்சு. அது முக்கறதைப் பாத்தேன். ஆனா நீ ரெண்டு வாரமா அதுகூடவே தரையில படுத்துக் கெடக்கறே. உனக்குத்தான் தெரியும்னு நினைச்சேன். வெளிக்கிப் போக முக்குதுன்னு கீழ இருந்த பேப்பரை மாத்திட்டு, அழுக்கை அள்ளிட்டுப் போனேன்." மஞ்சள் நூலை விரலால் சரிசெய்துகொண்டே, "குட்டியை நான் எண்ணல. நீ எண்ணியிருப்பேன்னு விட்டுட்டேன்" என்றார்.

கண்ணாடிக்கடைக்குப் போனதை நான் சொல்லவில்லை. எப்படியும் இன்னும் ஒரு மணி நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும்.

அக்கா வேலை முடிந்து நேராக அங்கேயே வந்தாள். ஆறு நாற்பதுக்கு ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. ஆறாவது ஆண் குட்டி, கறுப்பு. மற்ற ஐந்தையும்விடப் பெரியது. உயிர் இல்லை. மிளகு பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா.

"சீக்கிரம் வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது. குறுக்க கிடந்தது" என்றார்.

உண்மையாகவே சொல்ல முடியாதா, அல்லது என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. வேனில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை என் பையைக் கட்டி வைத்தேன். அக்கா பார்த்தாள்.

"எங்கே? ஐயா ஊர்வலம் போறாரா?" என்றாள். "தையல் போட்ட வயித்தை வச்சுக்கிட்டு அது தானா அஞ்சு குட்டியைத் தூக்கிப் பால் குடுக்குமா? பையை உள்ள வை. உன் கண்ணாடிக்கடைக் கூத்தெல்லாம் கேள்விப்பட்டேன். அதைப் பத்தி மாமாகிட்ட நீயே பேசிக்கோ. ஒரு குட்டியை என்னைக் கேக்காம வாக்குக் குடுத்ததைப் பத்தி அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

பக்கத்து அறையில் மாமா இருமினார்.

டாக்டரம்மா புதுத் தாள் கொடுத்திருந்தார். இரண்டு மணிக்கொரு முறை குட்டிகளைத் தாயிடம் வைக்க வேண்டும். தையல் காய்கிறதா, பால்காம்பு சிவக்கிறதா, குட்டி எடை ஏறுகிறதா என்று எழுத வேண்டும். மிளகு மயக்கம் தெளிந்து முதல் நாள் குட்டிகளைப் பார்த்து உறுமியது. யாருடையவை என்று அதற்கும் சந்தேகம். தலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்தேன். இரண்டாம் நாள் மஞ்சள் நூலை நக்கியது. மூன்றாம் நாள், குட்டியை எடுக்கப் போன என்னையே பார்த்து உறுமியது. அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாமா இப்போது தினமும் மத்தியானம் வருகிறார். செருப்பைக் கழற்றும் முன்பே தாளைப் பார்க்கிறார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லுவதில்லை. நேற்று தாளை வெளிச்சத்தில் பிடித்து, மை காய்ந்திருக்கிறதா என்று விரலால் தேய்த்துக்கூடப் பார்த்தார். அவர் பார்க்க வேண்டியதுதான். எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

கிடங்கில் அந்தப் பதினொரு பெட்டி குறைந்த ராத்திரி, மூன்றரை மணிச் சுற்றில் என் கையெழுத்து இருந்தது. அன்று நான் போகவில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரனின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். இன்று இரண்டு தடவை எடுத்தேன்.

இப்போது மணி ஒன்று ஐம்பத்தெட்டு. குட்டிகள் தூங்குகின்றன. கண் சொருகுகிறது. பேனாவை மூடித் தரையில் வைத்துவிட்டு, எழுந்து நின்றுகொண்டேன். இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது.